சித்திலெப்பையும் அவருடைய சகோதரி நடத்திய பள்ளிக்கூடமும்

அறிஞர் சித்திலெப்பையின் பெயர் எங்கள் பாடப்புத்தகங்களில் ஒரு பந்தியோடு முடிந்துவிடும். முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கியவர், அசன்பே சரித்திரம் என்ற நாவலை எழுதியவர், கொழும்பு ஸாஹிறாக் கல்லூரிக்கு வித்திட்டவர் என்ற மூன்று விடயங்களையும் பிள்ளைகள் மனனம் செய்து பரீட்சையில் எழுதுவார்கள். கல்முனைக் கரையோரப் பாடசாலைகளில் முப்பது வருடங்களுக்கு மேல் ஆசிரியையாக இருந்த நானும் அந்த மூன்றையும்தான் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நான்காவதாக ஒன்று உண்டு. முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று அவர் கண்டியில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். அதை நடத்தியவர் அவருடைய சொந்தச் சகோதரி. போரையும் கடலையும் கண்டு மீண்ட ஒரு கரையிலிருந்து திரும்பிப் பார்க்கும்போது, எனக்கு அந்த நான்காவது விடயமே பெரிதாகத் தெரிகிறது.

கண்டியில் ஒரு பிரக்கிராசி

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். அரபு நாட்டிலிருந்து வந்து அளுத்கமையில் குடியேறிய வணிகக் குடும்பம் ஒன்றின் வழி வந்தவர். அவருடைய தந்தை இலங்கை முஸ்லிம்களில் முதன்முதலாகச் சட்டத்தொழிலுக்குள் நுழைந்தவர்களில் ஒருவர். மகனும் அதே வழியில் போனார். 1862இல் மாவட்ட நீதிமன்றப் பிரக்கிராசியானார். இரண்டு வருடங்களில் உயர் நீதிமன்றத்தில் வாதாடும் தகுதியும் கிடைத்தது. கண்டி மாநகர சபையிலும் இருந்தார். தமிழ், அரபு, சிங்களம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் பழக்கம் உண்டு. அன்றைய கண்டியில் மரியாதையோடும் வருமானத்தோடும் வாழ்ந்து முடிக்க இவ்வளவும் தாராளமாகப் போதும்.

ஆனால் காணி உறுதி, கடன் பத்திரம், மரணசாதனம் என்று எல்லாம் எழுத்தில் நடக்கும் காலம் அது. எழுத்துத் தெரியாதவருக்கு அந்தக் கடதாசிகள் என்ன செய்யும் என்பதை ஒரு சட்டத்தரணியைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது. பிரித்தானியர் 1869இல் பொதுக் கல்வித் திணைக்களத்தை அமைத்து, பாடசாலை நடத்துவோருக்கு நன்கொடை வழங்கினார்கள். மிஷனரிச் சபைகள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. சைவர்களிடையே ஆறுமுக நாவலர் 1848இலேயே வண்ணார்பண்ணையில் பாடசாலை தொடங்கிவிட்டார். பௌத்தர்கள் 1880இல் ஒல்கொட் வந்தபின் சுறுசுறுப்படைந்தார்கள். முஸ்லிம்கள் மட்டும் ஒதுங்கி நின்றார்கள்.

இந்த ஒதுக்கத்தை அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. அன்று ஆங்கிலப் பள்ளிக்கூடம் என்றால் அநேகமாக அது மிஷன் பள்ளிக்கூடம். பிள்ளை அங்கே போனால் மார்க்கம் மாறிவிடும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். மிஷன்கள் தங்கள் நோக்கத்தை ஒளித்து வைத்ததும் இல்லை. ஆகவே பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தப் பயத்தைக் கேலி செய்யாமல் அதற்கு ஒரு பதில் தேடியதுதான் சித்திலெப்பையின் பெரிய காரியம். மார்க்கமும் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் பள்ளிக்கூடத்தைச் சமூகமே நடத்தட்டும் என்பதே அவருடைய பதில்.

பத்திரிகையும் நாடு கடத்தப்பட்ட பாஷாவும்

முதலில் அவர் பத்திரிகை தொடங்கினார். 1882 டிசம்பரில் முஸ்லிம் நேசன் கண்டியிலிருந்து வெளிவந்தது. உலகச் செய்திகளோடு, ஏன் நம் பிள்ளைகள் படிக்கவில்லை என்ற கேள்வியையும் அது வாரந்தோறும் வாசகரின் வீட்டுக்குக் கொண்டுபோனது. கடல் கடந்து தமிழ் முஸ்லிம்கள் வாழ்ந்த ஊர்களிலும் அதை வாசித்தார்கள். 1885இல் அசன்பே சரித்திரம் நூலாக வந்தது. பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்து ஆறு வருடங்களே ஆகியிருந்தன. இலங்கையிலிருந்து எழுந்த முதல் தமிழ் நாவல் ஒரு முஸ்லிமின் கையால் எழுதப்பட்டது என்பதை, தமிழ் யாருடைய மொழி என்று சண்டை பிடிக்கும் இரு தரப்பாருக்கும் நான் அடிக்கடி ஞாபகப்படுத்துவதுண்டு.

பத்திரிகை தொடங்கி சில வாரங்களில், 1883 ஜனவரியில், ஒரு கப்பல் கொழும்புக்கு வந்தது. எகிப்தில் பிரித்தானியரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற அராபி பாஷாவும் அவருடைய தோழர்களும் அதில் நாடு கடத்தப்பட்டு வந்தார்கள். தோற்றவர் என்று எண்ணாமல் முஸ்லிம்கள் அவரைப் பெரும் மரியாதையோடு வரவேற்றார்கள். பாஷா இங்கே பார்த்தது பள்ளிவாசல் நிறையத் தொழுகையாளிகளும் பாடசாலையில்லாத பிள்ளைகளும். நவீன கல்வி இல்லாமல் இந்தச் சமூகம் எழும்ப முடியாது என்று அவரும் சொல்லத் தொடங்கினார். உள்ளூரில் ஒரு சட்டத்தரணி சொன்னபோது சந்தேகப்பட்டவர்கள், எகிப்திலிருந்து வந்த பாஷா சொன்னபோது காதுகொடுத்தார்கள். சித்திலெப்பைக்கு அவர் நல்ல துணையானார்.

1884இல் கொழும்பில் ஒரு பாடசாலை தொடங்கப்பட்டது. அது நிலைக்கவில்லை. பணமும் போதவில்லை, ஆதரவும் போதவில்லை. இந்த மனிதர் நம் மார்க்கத்துக்குள் எதையோ புகுத்தப் பார்க்கிறார் என்ற முணுமுணுப்பும் இருந்தது. அவர் விடவில்லை. வாப்பிச்சி மரைக்கார் கை கொடுத்தார். கொழும்பு நூதனசாலையைக் கட்டிய அதே கட்டட ஒப்பந்தக்காரர்தான் அவர். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸும் சேர்ந்துகொண்டார். 1892 ஆகஸ்டில் மருதானைப் பள்ளிவாசல் வளவில் மீண்டும் ஒரு பாடசாலை எழுந்தது. அதுவே பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரி.

சகோதரியின் வகுப்பறை

ஏறக்குறைய அதே காலத்தில், 1890களின் தொடக்கத்தில், கண்டியில் பெண்பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தை அவர் திறந்தார். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு ஒரு ஒப்பீடு சொல்லலாம். உடுவிலில் அமெரிக்க மிஷனரிகள் பெண்கள் விடுதிப் பாடசாலையை 1824இலேயே தொடங்கிவிட்டார்கள். அதற்கும் இதற்கும் இடையில் ஏறக்குறைய எழுபது வருடங்கள். இந்த இடைவெளியை வைத்து முஸ்லிம் பெண்கள் எழுத்தே அறியாதிருந்தார்கள் என்று எண்ணினால் அது தவறு.

என் மூத்தம்மா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆனால் அரபுத் தமிழ் நன்றாக வாசிப்பார். தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை அது. ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதப் பழகிய பெண்கள், அதே எழுத்தைக் கொண்டு மாலைகளையும் மார்க்கச் சட்ட நூல்களையும் வீட்டிலிருந்து வாசித்தார்கள். மழைக்காலத்து இரவுகளில் சுற்றிலும் பெண்கள் அமர்ந்திருக்க என் மூத்தம்மா ராகத்தோடு வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவர் என் உம்மா. அதே மூத்தம்மா, வீட்டு உறுதியில் பெருவிரலைத்தான் வைத்தார். அரசாங்கத்தின் எழுத்து வேறு, அவருடைய எழுத்து வேறு. வாசிக்கத் தெரிந்த பெண் கைநாட்டுக்காரியாகக் கணக்கில் விழுந்தார்.

எங்கள் கரையில் இது இன்னும் விசித்திரமானது. மட்டக்களப்பு தொடங்கி அம்பாறைக் கரைவரை, தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி தாய்வழியாக வரும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடும் வளவும் மகளின் பெயரில் எழுதப்படும். ஒரு பெண்ணின் பெயரில் வீடு இருக்கும், வயல் இருக்கும், உறுதி இருக்கும். அந்த உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க அவருக்கு இன்னொருவர் தேவைப்பட்டார். சொத்தைப் பெண்ணுக்குக் கொடுக்கத் தயங்காத சமூகம், அந்தச் சொத்தைக் காக்கும் எழுத்தைக் கொடுக்க நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

கண்டியில் இந்தக் கதவைத் திறக்க சித்திலெப்பைக்கு ஒரு தடை இருந்தது. பெரியபிள்ளையாகும் வயதை நெருங்கும் மகளை யாரிடம் அனுப்புவது என்பதே பெற்றோரின் முதல் கேள்வி. அந்நிய ஆண் படிப்பிக்கும் இடத்துக்கு அனுப்பமாட்டார்கள். மிஷன் பெண்மணியிடமும் அனுப்பமாட்டார்கள். முஸ்லிம் ஆசிரியைகள் இல்லை. பெண்பிள்ளைகள் படிக்காவிட்டால் ஆசிரியைகள் உருவாகமாட்டார்கள், ஆசிரியைகள் இல்லாவிட்டால் பெண்பிள்ளைகள் படிக்கமாட்டார்கள். இந்த முடிச்சை அவர் தன் வீட்டுக்குள்ளிருந்தே அவிழ்த்தார். சகோதரி முத்து நாச்சியா தலைமை ஆசிரியையானார். சீர்திருத்தம் பேசுகிறவர் தன் குடும்பத்துப் பெண்ணையே முன்னால் நிறுத்தினார் என்பதற்கு அன்று என்ன பெறுமதி இருந்திருக்கும் என்பதை, எங்கள் ஊர்களில் முதன்முதலாக வேலைக்குப் போன ஆசிரியைகளின் குடும்பத்தார் அறிவார்கள்.

சித்திலெப்பை இதற்கெல்லாம் தன் தொழிலையும் கைப்பொருளையும் செலவிட்டார். அரபு படிப்பிக்கப் பாடநூல்கள் எழுதினார். கடைசிக் காலத்தில் ஸூபித்துவச் சிந்தனையில் ஆழ்ந்து அஸ்றாறுல் ஆலம் என்ற நூலை எழுதினார். 1898 பெப்ரவரி 5ஆம் திகதி காலமானார். அறுபது வயதுகூட நிரம்பவில்லை.

ஒன்று வளர்ந்தது, ஒன்று நின்றது

அவர் நட்ட இரண்டும் ஒரேமாதிரி வளரவில்லை. ஆண்பிள்ளைகளின் பாடசாலைக்கு மருதானையில் வளவு கிடைத்தது, கட்டடம் கட்ட வாப்பிச்சி மரைக்கார் கிடைத்தார், பின்னால் தாங்கி நிற்கச் சபை ஒன்று கிடைத்தது. 1921இல் ரி.பி. ஜாயா அதிபராக வந்து அதைப் பெரிய கல்லூரியாக்கினார். பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒரு சகோதரியின் உழைப்பில் தங்கியிருந்தது. அதற்கென்று வளவோ நிதியோ திரளவில்லை. அது கல்லூரியாக வளரவில்லை. கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி 1946இல்தான் வந்தது. அதற்குக் காணி கொடுத்தவர் சேர் ராசிக் பரீத், வாப்பிச்சி மரைக்காரின் பேரன். பாட்டன் ஆண்பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்ததற்கும் பேரன் பெண்பிள்ளைகளுக்குக் காணி கொடுத்ததற்கும் இடையில் 54 வருடங்கள். இடையில் பிறந்து வளர்ந்து கைநாட்டோடு முடிந்துபோன தலைமுறையில் என் மூத்தம்மாவும் ஒருவர்.

கல்முனைக்கு இந்த வெளிச்சம் வந்த வழியைச் சொல்ல வேண்டும். சித்திலெப்பை காலத்தில் எங்கள் பகுதியில் ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் வெஸ்லியன் மிஷன் பாடசாலைதான். ஸாஹிறா எழுந்த அதே 1892இல் பக்கத்து ஊரான காரைதீவில் பிறந்த மயில்வாகனம், பின்னாளின் சுவாமி விபுலாநந்தர், கல்முனை மிஷன் பாடசாலையில் படித்துத்தான் மட்டக்களப்புக்குப் போனார். துறவியான பிறகு அவர் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைக் கட்டி வளர்த்தார். காரைதீவில் பெண்பிள்ளைகளுக்கும் பாடசாலை வந்தது. சித்திலெப்பை கண்டியில் கொடுத்த அதே பதிலை அவர் கிழக்கில் சைவப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். உன் சமயத்தையும் மொழியையும் விடாமலே நீ படிக்கலாம் என்பதே அந்தப் பதில்.

1942இல் பர்மா அரிசி நின்றுபோய் நாடு பசித்தபோது, நெல் விளைச்சலைப் பெருக்க உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். வயலைப் பார்க்க வந்தவர் பிள்ளைகளையும் பார்த்தார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அப்போது உருவானது. விபுலாநந்த அடிகளோடு அவருக்கு ஏற்பட்ட நட்பும் அந்த நாட்களுக்குரியது. 1945இல் அவர் முன்னின்று தொடங்கிய முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் வறிய பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் வரை அனுப்பியது. 1948இல் அவரே ஸாஹிறாவின் அதிபரானார். கண்டியில் தொடங்கிய காரியம், யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவரின் கையால், காரைதீவுத் துறவியின் தோழமையோடு எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தது.

பெண்பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் பகுதியின் முதல் தலைமுறை ஆசிரியைகளில் பலர், சித்திலெப்பையின் முன்னோர் குடியேறிய அதே அளுத்கமையில் இருந்த மகளிர் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று வந்தவர்கள். அவர்கள் வந்தபிறகுதான் வாப்பாமார் மகள்மாரை எட்டாம் வகுப்புக்கு மேல் விட்டார்கள். 1970களில் கல்வி அமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூதின் பெயரில் கல்முனையில் மகளிர் கல்லூரி வளர்ந்தது. முத்து நாச்சியா அவிழ்த்த முடிச்சு எங்களுக்கு அவிழ எண்பது வருடங்கள் பிடித்தன.

போருக்குப் பின் ஒரு பேனை

அதன்பிறகு போர் வந்தது. 1990க்குப் பின் கல்முனையிலிருந்து காரைதீவுக்குப் போகும் சில கிலோமீற்றர் வீதி சில நாட்களில் வெளிநாட்டை விடத் தூரமானது. தமிழர் பக்கத்திலும் முஸ்லிம்கள் பக்கத்திலும் வீட்டைவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்புப் பக்கம் போக அஞ்சிய எங்கள் பிள்ளைகளுக்காக 1995இல் அட்டாளைச்சேனையில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. இன்றைய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அதுதான். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் அது இருந்ததால் எத்தனையோ பெண்பிள்ளைகள் பட்டம் பெற்றார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது மருதமுனை முதல் காரைதீவு வரை கரையோர வீடுகளோடு உறுதிகளும் சான்றிதழ்களும் போயின.

அந்த வருடங்களில் பாடசாலை முடிந்து வந்தபின் என் வீட்டு விறாந்தையில் பெண்கள் காத்திருப்பார்கள். வயலுக்குப் போய்த் திரும்பாத கணவனுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டிய முஸ்லிம் பெண், கூட்டிக்கொண்டு போகப்பட்ட மகனைத் தேடி முறைப்பாடு எழுத வேண்டிய தமிழ்த் தாய், கடல் கொண்டுபோன உறுதிக்குப் பிரதி கேட்க வேண்டியவர்கள். நான் எழுதிக் கொடுப்பேன். கொஞ்சம் படித்தவர்கள் என் எழுத்தைத் திரும்ப வாசித்துப் பார்த்து, டீச்சர் இந்தத் திகதி பிழை, இதை இப்படி எழுதுங்கோ என்று திருத்துவார்கள். படிக்காதவர்கள் மடித்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். தன் மகன் காணாமற்போன கதையைத் தன் கையால் எழுத முடிந்த தாய்க்கும், இன்னொருவர் எழுதியதை நம்பித் தூக்கிக்கொண்டு அலையும் தாய்க்கும் இடையிலான தூரத்தை நான் அங்கேதான் கண்டேன். இரண்டாமவரைக் கந்தோரில் யாரும் இலகுவாகத் திருப்பி அனுப்பிவிடலாம். முதலாமவரை அப்படி அனுப்ப முடியாது.

போர் முடிந்தது. பொருளாதார நெருக்கடி வந்தது. 2022க்குப் பின், பஸ் காசுக்கும் பயிற்சிக் கொப்பிக்கும் வழியில்லாமல் பிள்ளைகளை மறித்துக்கொண்ட வீடுகளை இரண்டு சமூகத்திலும் எனக்குத் தெரியும். அப்படி மறிக்கும்போது முதலில் நிற்பவர் பெரும்பாலும் மகள்தான். மகன் உழைக்க வேண்டியவன், மகள் கல்யாணம் முடிக்க வேண்டியவள் என்ற கணக்கு இன்னும் சாகவில்லை. சித்திலெப்பையின் கதை இந்த இடத்தில் உதவும். பெண்பிள்ளை படிப்பதற்குப் பெற்றோரைத் திட்டிப் பயனில்லை, அவர்களுடைய பயம் என்ன என்று கேட்டு அதற்கு வழி செய்ய வேண்டும். நம்பக்கூடிய ஆசிரியை, பாதுகாப்பான பாதை, கைக்கு எட்டும் செலவு. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் மகள் வீட்டில் நிற்பாள். இன்னொன்றும் உண்டு. ஒரு தனிமனிதரின் தியாகத்தில் மட்டும் நிற்கும் பள்ளிக்கூடம் அவரோடு நின்றுவிடும். ஸாஹிறாவுக்குக் கிடைத்த வளவும் நிதியும் முத்து நாச்சியாவின் வகுப்பறைக்கும் கிடைத்திருந்தால், எங்கள் மூத்தம்மாமார் தங்கள் வீட்டு உறுதியைத் தாங்களே வாசித்திருப்பார்கள். ஊருக்கு ஊர் பள்ளிவாசலையும் கோயிலையும் புதுப்பிக்க நிதி திரட்டத் தெரிந்த நாம், நின்றுபோன பெண்பிள்ளைகளைத் திரும்ப அனுப்ப ஒரு நிதியம் வைத்திருக்கிறோமா என்று அந்தந்த ஊரார் கேட்டுப் பார்க்கட்டும்.

சித்திலெப்பைக்கு 1977இல் அரசாங்கம் முத்திரை வெளியிட்டது. கண்டியில் அவர் பெயரில் பாடசாலை இருக்கிறது. எல்லாம் அவருக்குத் தகும். அவரைப் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது சிறிய காரியம். முஸ்லிம் நேசன், அசன்பே, ஸாஹிறா என்று கரும்பலகையில் எழுதும்போது, நான்காவது வரியில் முத்து நாச்சியா என்ற பெயரையும் எழுதுங்கள். பரீட்சையில் அது வராது. ஆனால் வகுப்பில் இருக்கும் பெண்பிள்ளைகள் அவர் யார் என்று கேட்பார்கள்.